ஆலயம் எரிந்த பின்: பண்டைய யூதர் வரலாற்றுக்கு ஓர் அறிமுகம்

ரமளான் இரவொன்றில் தராவீஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் சிலர் அமர்ந்திருந்தோம். அன்று ஓதப்பட்ட பகுதியில் மூஸா (அலை) அவர்களின் வரலாறு வந்திருந்தது. எங்களோடு இருந்த சிறுவன் ஒருவன், "மூஸா நபி யூதரா?" என்று கேட்டான். அருகிலிருந்த மற்றொரு சிறுவன் சிரித்துவிட்டான். 'யூதன்' என்னும் சொல்லை வசைச்சொல்லாக மட்டுமே கேட்டு வளர்ந்தவனுக்கு, அதை ஒரு நபியின் பெயரோடு சேர்த்துக் கேட்டது வேடிக்கையாகப் பட்டிருக்கிறது. பெரியவர்களாகிய எங்களுள்ளும் எவரும் உடனே விடை கூறவில்லை. ஒருவர், "அவர் பனூ இஸ்ராயீல்" என்றார். இன்னொருவர், "அது வேறு, இது வேறு" என்றார். எது வேறு, எவ்வாறு வேறு என்று விளக்க எவராலும் இயலவில்லை.

திருக்குர்ஆனில் வேறெந்த நபியின் பெயரைக் காட்டிலும் மூஸா (அலை) அவர்களின் பெயரே மிகுதியாக வருகிறது, 136 இடங்கள். அவர்தம் சமுதாயத்தின் கதையை ஆண்டுதோறும் ஓதுகிறோம், ஓதக் கேட்கிறோம். ஆயினும் அச்சமுதாயம் எங்கே தொடங்கியது, எத்தனை முறை வீழ்ந்தது, மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சந்தித்த யூதர்கள் எத்தகைய சமயத்தைப் பின்பற்றினர் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோரிடம் விடையில்லை. ஃபிர்அவ்னின் காலத்து மக்களையும், தாவூத் (அலை) அவர்களின் அரசையும், மதீனத்துக் கோத்திரங்களையும், இன்றைய செய்தித்தாளில் வரும் நாட்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அச்சொல்லுக்குள் காணாமற் போகிறது.

அறிந்துகொள்வதில் தயக்கம் வேண்டியதில்லை. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களே பணித்தார்கள். அரைத் திங்களுக்குள் அவர் அதைக் கற்றுத் தேர்ந்து, கடிதங்களைப் படித்துக் காட்டவும் எழுதவும் தொடங்கினார் என்று திர்மிதீயில் பதிவாகியுள்ளது.

சிறுவனின் வினாவிலிருந்தே தொடங்குவோம்.

இபுறாஹீம் (அலை) அவர்களின் மகன் இஸ்ஹாக் (அலை). அவர்களின் மகன் யஃகூப் (அலை). யஃகூப் (அலை) அவர்களின் மற்றொரு பெயர் இஸ்ராயீல். அவர்களுடைய பன்னிரு மைந்தர்களின் வழித்தோன்றல்களே 'பனூ இஸ்ராயீல்', அதாவது இஸ்ராயீலின் மக்கள். அம்மைந்தர்களுள் மூன்றாமவர் லாவி, நான்காமவர் யஹூதா. மூஸா (அலை), ஹாரூன் (அலை) இருவரும் லாவியின் குலத்தில் தோன்றியவர்கள். தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) இருவரும் யஹூதாவின் குலத்தவர். 'யூதர்' என்னும் சொல் இந்த யஹூதாவின் பெயரிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் அது ஒரு குலத்தின் பெயர். பிறகு ஒரு நாட்டின் பெயர். இறுதியில்தான் முழுச் சமுதாயத்தின் பெயராயிற்று. ஆகவே மூஸா (அலை) அவர்களை அவர்தம் காலத்துச் சொல்லால் குறிப்பதாயின், அவர்கள் இஸ்ராயீலின் மக்களுள் ஒருவர். 'யூதர்' என்னும் பொதுப்பெயர் வழக்கிற்கு வந்தது அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே.

இறைமறையும் இந்த வேறுபாட்டைப் பேணுகிறது. பழைய வரலாற்றைச் சொல்லும்போது பெரிதும் 'பனூ இஸ்ராயீல்' என்றே அழைக்கிறது. 'அல்-யஹூத்' என்னும் வடிவம் மதீனாவில் அருளப்பெற்ற அத்தியாயங்களிலேயே காணப்படுகிறது. இபுறாஹீம் (அலை) அவர்கள் யூதராகவும் இருக்கவில்லை, கிறித்தவராகவும் இருக்கவில்லை என்று ஆல இம்ரான் அத்தியாயம் தெளிவுறுத்துவதும் இந்த வரலாற்று வரிசையை நினைவில் வைத்துப் படிக்கும்போது நன்கு விளங்கும்.

ஓர் ஆலயமும் ஒரு பலிபீடமும்

வேத நூல்களுக்கு வெளியே 'இஸ்ராயீல்' என்னும் பெயர் முதன்முதலாகத் தென்படுவது எகிப்தில். ஃபிர்அவ்ன் மெர்னெப்தா தன் வெற்றிகளைப் பொறித்து வைத்த கருங்கல் ஒன்று 1896-இல் தீப்ஸ் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 1208. கானான் நாட்டில் தான் அடக்கியவர்களின் பட்டியலில் அவன் இஸ்ராயீலையும் சேர்க்கிறான். அவர்களின் வித்தே அழிந்தது என்ற பொருளில் பெருமை கொள்கிறான். அம்மக்களைப் பற்றி வரலாறு தரும் முதற் குறிப்பே அவர்களின் முடிவை அறிவிப்பதாக அமைந்திருப்பது விந்தை.

தாலூத்தின் அரசும், அவருக்குப் பின் கி.மு. 1000-ஐ ஒட்டித் தாவூத் (அலை) அவர்களின் அரசும் எழுந்தன. வடக்கே தெல் தான் என்னுமிடத்தில் 1993-இல் கிடைத்த அரமேயக் கல்வெட்டில் 'தாவூதின் இல்லம்' என்று அவ்வரச மரபு குறிக்கப்பட்டுள்ளது. ஸுலைமான் (அலை) அவர்கள் ஜெரூசலத்தில் எழுப்பிய இறையில்லமே யூத வரலாற்றில் முதல் ஆலயம் எனப்படுவது. (இங்கே தமிழர்க்குரிய சிறு செய்தி ஒன்றுண்டு. ஸுலைமான் (அலை) அவர்களின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களுள் மயிலும் ஒன்று என்று எபிரேய நூல் கூறுகிறது. மயிலுக்கு அந்நூல் வழங்கும் சொல் 'துக்கி'. அது நம் 'தோகை'யிலிருந்து சென்றது என்று கால்டுவெல் முதலிய மொழிநூலார் கருதினர்.)

அவ்வாலயத்தைச் சுற்றி அமைந்த சமய வாழ்வை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இன்றைய யூத சமயத்தை மட்டும் அறிந்தவர்க்கு அது முற்றிலும் வேறொரு சமயம்போலத் தோன்றும். நாள்தோறும் காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி பலிபீடத்தில் எரிபலியாகும். பாவம் நீங்க ஒரு பலி, நன்றி சொல்ல ஒரு பலி, விளைச்சலின் முதற்கதிருக்கு ஒரு காணிக்கை. பலியிடும் உரிமை ஹாரூன் (அலை) அவர்களின் வழிவந்த குருமார்க்கே உரியது. லாவி குலத்தின் ஏனையோர் பணிவிடை செய்வர். ஆலயத்தின் உள்ளறைக்குள் தலைமைக் குரு ஒருவர் மட்டும், ஆண்டில் ஒரு நாள் மட்டும் நுழைவார். மக்கள் ஆண்டுக்கு மூன்று பெருவிழாக்களுக்கு ஜெரூசலம் நோக்கிப் பயணப்படுவர்: எகிப்திலிருந்து மீண்டதை நினைக்கும் பெஸாஹ், ஏழு வாரங்கள் கழித்து வரும் அறுவடை விழா, இலையுதிர் காலத்துக் கூடார விழா. இப்பயண விழாவுக்கு எபிரேயத்தில் 'ஹக்' என்று பெயர். நம் 'ஹஜ்' என்னும் சொல்லின் உடன்பிறப்பு அது.

ஸுலைமான் (அலை) அவர்களுக்குப் பின், ஏறத்தாழ கி.மு. 930-இல் அரசு இரண்டாகப் பிளந்தது. வடக்கே பத்துக் குலங்களின் நாடு, 'இஸ்ராயீல்' என்ற பெயரோடு. தலைநகர் பின்னாளில் சமாரியா. தெற்கே ஜெரூசலத்தைச் சுற்றிச் சிறிய 'யஹூதா' நாடு. கி.மு. 722-ஐ ஒட்டி அசீரியர் சமாரியாவை வீழ்த்தி, மக்களில் பலரை நாடு கடத்தி, பிற நாட்டவரை அங்கே குடியேற்றினர். பத்துக் குலங்களும் வரலாற்றிலிருந்து மறைந்தன. தாங்கள் அவற்றின் எச்சம் என்று கூறிக்கொள்ளும் சமாரியர் சில நூறு பேர் இன்றும் நாப்லுஸ் நகரை ஒட்டிய ஜெரிஸிம் மலையில் ஆடுகளை அறுத்துப் பெஸாஹ் கொண்டாடுகின்றனர்.

தெற்கு நாடு தப்பியது. அசீரியப் படை வருமுன் மன்னர் ஹிஸ்கியா நகருக்குள் நீர் கொண்டுவரப் பாறையைக் குடைந்து 533 மீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றை அமைத்தார். இரு முனைகளிலிருந்தும் குடைந்துவந்த தொழிலாளர் நடுவில் ஒருவர் குரலை மற்றவர் கேட்டுச் சந்தித்த செய்தி அதன் சுவரிலேயே பழைய எபிரேய எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. 1880-இல் கண்டெடுக்கப்பட்ட அக்கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. மன்னரின் பெயர் அதில் இல்லை. உளி பிடித்தவர்களின் உவகை மட்டும் இருக்கிறது.

ஏறத்தாழ கி.மு. 622-இல் மன்னர் யோசியா ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது பழைய நியாயப்பிரமாண ஏடு ஒன்று கண்டெடுக்கப்பட்டதாக எபிரேய நூல் கூறுகிறது. மன்னர் அதைப் படிக்கக் கேட்டு ஆடையைக் கிழித்துக்கொண்டார். ஊர்தோறும் இருந்த பலிமேடைகளை இடித்தார். இனிப் பலி ஜெரூசலத்தில் மட்டுமே என்று ஆணையிட்டார். சமயம் முழுவதும் ஒரே கட்டடத்தில் வந்து குவிந்தது. நாற்பது ஆண்டுகள்கூட ஆகியிருக்கா, அக்கட்டடம் சாம்பலாயிற்று.

பாபிலோன் நதிக்கரையில்

கி.மு. 597-இல் பாபிலோனிய மன்னன் நெபுகத்நேசர் ஜெரூசலத்தைப் பணிய வைத்து, இளம் மன்னர் யெகோயாக்கினையும் கைவினைஞர், படைவீரர், மேல்தட்டினர் பலரையும் சிறைகொண்டு சென்றான். மீண்டும் கிளர்ச்சி எழவே, கி.மு. 586-இல் நகரை அழித்து ஆலயத்தைத் தீக்கிரையாக்கினான். நம் விரிவுரையாளர் பலர் 'புக்து நஸ்ஸர்' என்று குறிப்பிடுவது இவனையே. பனூ இஸ்ராயீல் இருமுறை குழப்பம் விளைவித்து இருமுறை தண்டிக்கப்படுவது பற்றி இஸ்ரா அத்தியாயம் பேசுமிடத்தில், முதலாவது தண்டனையை இந்நிகழ்ச்சியோடு அவர்கள் பொருத்தினர். அங்கே அவ்வாலயத்தைத் திருக்குர்ஆன் 'மஸ்ஜித்' என்றே சொல்கிறது என்பதைக் கவனிக்கலாம்.

ஆலயம் அழிந்த பிறகு அதன் மக்கள் என்ன ஆயினர்? அக்காலத்தில் ஒரு மக்களின் கோயில் இடிந்தால் அவர்களின் சமயமும் முடிந்தது என்பதே உலகத்தார் எண்ணம். வடக்கு நாட்டார்க்கு அதுதான் நேர்ந்தது. பாபிலோனுக்குச் சென்றவர்கள் மட்டும் கரையவில்லை. எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்குச் சுடுமண் ஏடுகள் சான்று தருகின்றன. பாபிலோன் அரண்மனையின் படியளப்புக் கணக்கில், யஹூதா நாட்டு மன்னர் யெகோயாக்கினுக்கும் அவர்தம் ஐந்து மைந்தர்க்கும் எண்ணெய் அளந்து கொடுத்த குறிப்பு இருக்கிறது. வேறு சில ஏடுகள் 'அல்-யாஹூது' என்னும் சிற்றூரைக் காட்டுகின்றன. யஹூதாவின் ஊர் என்பது அதன் பொருள். அங்கே அம்மக்கள் பேரீச்சை பயிரிட்டனர், வாய்க்கால் ஓரத்து நிலத்துக்கு வரி செலுத்தினர், கடன் வாங்கினர், திருமண ஒப்பந்தம் எழுதினர். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், குடியேறிய நகரின் நலத்துக்காக இறைஞ்சுங்கள் என்னும் கருத்தில் எரேமியா அவர்களுக்கு எழுதிய மடல் எபிரேய நூலில் இருக்கிறது. அவர்கள் அப்படியே செய்திருக்கின்றனர்.

பலி கொடுக்க வழியில்லாத நாட்டில் எஞ்சியவை எவை? ஏழாம் நாளில் வேலை செய்யாமலிருத்தல், மைந்தர்க்கு விருத்தசேதனம், உணவு விலக்குகள், முன்னோரின் சொற்கள். இவற்றுக்குக் கட்டடம் தேவையில்லை. எந்த ஊரிலும் பேணலாம். ஆதலால் இவையே அம்மக்களின் அரணாயின. முன்னோர் விட்டுச்சென்ற செய்திகளும் சட்டங்களும் தொகுக்கப்பெற்று ஏடாக வடிவம் பெற்றதில் இக்காலத்துக்குப் பெரும் பங்குண்டு என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. (அவ்வாறு மனிதக் கைகளால் தொகுக்கப்பட்ட நூல் முழுவதும் மூஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட தவ்ராத் அன்று என்பது நம் நம்பிக்கை, ஐந்து ஏடுகளும் மூஸா (அலை) வழியாகவே வந்தன என்பது யூதர்களின் மரபு நம்பிக்கை. அந்த விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது.) பாபிலோன் அவர்களுக்கு வேறு இரண்டையும் தந்தது. ஒன்று மாதப் பெயர்கள்: நீஸான், தம்மூஸ், ஈலூல் முதலியன. ஷாம் நாட்டு அரபுகளும் இன்றுவரை இவற்றை வழங்குகின்றனர். மற்றொன்று எழுத்து. இன்று எபிரேய எழுத்து என்று நாம் காணும் சதுர வடிவம் உண்மையில் அரமேய எழுத்தே.

மரமேடையில் ஓர் ஏடு

கி.மு. 539-இல் பாரசீகப் பேரரசர் கோரேஷ் (சைரஸ்) பாபிலோனைக் கைப்பற்றினார். நாடு கடத்தப்பட்டோர் ஊர் திரும்பலாம் என்பது அவர் கொள்கை. திரும்பியோர் கி.மு. 515-ஐ ஒட்டி இரண்டாம் ஆலயத்தைக் கட்டி முடித்தனர். முதல் ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியோர் புதியதைக் கண்டு அழுதனர் என்று சொல்லப்படுகிறது. எல்லோரும் திரும்பிவிடவில்லை. பெருந்தொகையினர் பாபிலோனிலேயே தங்கினர். அந்த இராக்கியச் சமுதாயம் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இரண்டரை ஆயிரம் ஆண்டுகள் அங்கே தொடர்ந்தது.

திரும்பிவந்தோரின் பகுதியைப் பாரசீகர் 'யெஹூத்' மாநிலம் என்றனர். 'யூதர்' என்னும் பெயர் நிலைபெற்றது இக்காலத்தில்தான்.

அடுத்த நூற்றாண்டில் பாபிலோனிலிருந்து எஸ்ரா வந்தார். அத்தவ்பா அத்தியாயத்தில் வரும் உஸைர் இவரே என்று பலர் கருதுவர். எபிரேய நூல் வருணிக்கும் காட்சி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஏழாம் மாதத்தின் முதல் நாள். தண்ணீர் வாயிலுக்கு எதிரேயுள்ள வெட்டவெளி. ஆண்களும் பெண்களும் விளங்கிக்கொள்ளும் வயதுள்ள பிள்ளைகளும் கூடியிருக்கின்றனர். மரத்தால் மேடை அமைக்கப்பட்டிருக்கிறது. எஸ்ரா அதன்மேல் ஏறி ஏட்டை விரிக்கிறார்; மக்கள் எழுந்து நிற்கின்றனர். விடியலிலிருந்து நண்பகல் வரை அவர் ஓதுகிறார். லாவியர் கூட்டத்தினரிடையே நின்று பொருள் விளக்குகின்றனர். கேட்ட மக்கள் அழுகின்றனர்.

இதில் நிகழ்ந்தது யாது? ஆலயம் அருகிலேயே இருக்கிறது. ஆனால் மக்கள் கூடியது ஆலயத்துக்குள் அன்று, தெருவெளியில். நடுவில் இருப்பது பலிபீடம் அன்று, மரமேடை. அதன்மேல் வைக்கப்பட்டது விலங்கு அன்று, ஏடு. வெள்ளிமேடையின் முன் அமர்ந்து பழகிய நமக்கு இது இயல்பாகப் படலாம். அக்கால உலகில் இது புதியது. குருவின் கையிலிருந்த சமயம் கற்றவனின் நாவுக்கு மாறத் தொடங்கிய நாள் அது.

மாற்றம் ஒரே நாளில் முடியவில்லை. எகிப்தின் தென்கோடியில் அஸ்வானை ஒட்டிய யானைத்தீவில், பாரசீகர்க்காகக் காவல் புரிந்த யூதப் படைவீரர் தமக்கெனத் தனி ஆலயமே வைத்திருந்தனர். கி.மு. 410-இல் அண்டையிலிருந்த எகிப்தியக் குருமாரின் தூண்டுதலால் அது இடிக்கப்பட்டது. மீண்டும் கட்ட உதவுமாறு கி.மு. 407-இல் யெஹூத் ஆளுநருக்கு அவர்கள் எழுதிய விண்ணப்பத்தின் பாப்பிரசு படி இன்றும் இருக்கிறது. ஜெரூசலத்தில் மட்டுமே பலி என்னும் விதி தங்களைக் கட்டுப்படுத்துவதாக அவர்கள் கருதியதற்கான அறிகுறியே அதில் இல்லை.

கிரேக்கர் காலத்தை விரைந்து கடப்போம். அலெக்சாந்தர் கி.மு. 332-இல் வந்தார். அடுத்த நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தவ்ராத் ஏடுகள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. கி.மு. 167-இல் மன்னன் நான்காம் அந்தியோகஸ் ஆலயத்தில் சிலை வழிபாட்டைப் புகுத்தி, ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடை செய்தான். மக்கபியர் கிளர்ந்தெழுந்து கி.மு. 164-இல் ஆலயத்தை மீட்டனர். ஹனுக்கா விழா அதன் நினைவு. அவர்கள் நிறுவிய அரசு உட்பகையால் தளர, கி.மு. 63-இல் உரோமர் புகுந்தனர்.

உரோமர் காலத்தில் யூதர் ஒரே தரப்பாக இருக்கவில்லை. ஆலயமும் குருத்துவமும் சதூக்கியர் கையில் இருந்தன. மறுமையில் எழுப்பப்படுவதை அவர்கள் மறுத்தனர். பரிசேயர் மறுமையை நம்பினர்; ஏட்டுக்கு விளக்கமாகத் தலைமுறை தலைமுறையாக வந்த வாய்மொழி மரபையும் ஏற்றனர். எஸ்ஸீனியர் நகரை வெறுத்து ஒதுங்கி வாழ்ந்தனர். சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் 1947-இல் தஆமிரா கோத்திரத்து ஆட்டிடையர் முதலில் கண்ட தோற்சுருள்களை அவர்களுடையவை என்றே பலரும் கருதுகின்றனர். பதினொரு குகைகளில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட சுருள்களின் துண்டுகள் கிடைத்தன. அவற்றுள் ஏசாயாவின் சுருள் ஏழு மீட்டருக்கு மேல் நீண்டு, ஏறத்தாழ முழுமையாக உள்ளது. ஸக்கரிய்யா (அலை), யஹ்யா (அலை), ஈஸா (அலை) ஆகியோர் தோன்றியது இவ்வாறு பிளவுபட்ட, எதிர்பார்ப்பு மிகுந்த சமுதாயத்தில்தான்.

இரண்டாம் ஆலயம் நிமிர்ந்து நின்ற அந்நாளிலேயே அதன் நிழலில் மற்றொன்று வளர்ந்திருந்தது. 1913-இல் ஜெரூசலத்தில் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டு ஒன்று, தியோதோத்தஸ் என்னும் குரு ஒரு தொழுகைக்கூடம் கட்டியதைத் தெரிவிக்கிறது. எதற்காகக் கட்டினார் என்பதையும் அது சொல்கிறது: தவ்ராத்தை ஓதுவதற்கு, கட்டளைகளைக் கற்பிப்பதற்கு, வெளியூரிலிருந்து வருவோர் தங்குவதற்கு அறைகளும் நீர் வசதியும் அளிப்பதற்கு. பலி என்னும் சொல் அதில் இல்லை. நம் ஊர்ப் பள்ளிவாசலின் ஹவுளையும், ஓரத்து மதரசாவையும், முஸாஃபிர்கள் படுத்துறங்கும் திண்ணையையும் கண்டவர்க்கு அக்கல்வெட்டு அந்நியமாகத் தோன்றாது.

கி.பி. 70

கி.பி. 66-இல் உரோமர்க்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. முற்றுகையிடப்பட்ட நகருக்குள் யூதத் தரப்பினர் ஒருவரையொருவர் கொன்றனர். சேமித்திருந்த தானியத்தைத் தாமே எரித்துக்கொண்டனர். கி.பி. 70 ஆகஸ்டில் தீத்துவின் படை ஆலயத்தை எரித்தது. ஏழு கிளை விளக்குத்தண்டை உரோமர் சுமந்து செல்லும் காட்சி உரோம் நகரத்துத் தீத்து வளைவில் இன்றும் சிற்பமாக நிற்கிறது. முதல் ஆலயம், இரண்டாம் ஆலயம் இரண்டின் அழிவுக்காகவும் யூதர் 'ஆப்' மாதம் ஒன்பதாம் நாளில் நோன்பு நோற்றுத் தரையில் அமர்ந்து துயர் காக்கின்றனர்.

அதுவரை யூத ஆண் ஒவ்வொருவரும் எந்த நாட்டில் இருந்தாலும் ஆண்டுதோறும் அரை ஷெக்கல் ஆலயத்துக்கு அனுப்பி வந்தனர். உரோமப் பேரரசர் வெஸ்பாசியன் அதே தொகையை வரியாக விதித்து, உரோமிலுள்ள ஜுபிடர் கோயிலுக்குச் செலுத்த வைத்தார். ஓரிறைவனின் இல்லத்துக்கென ஒதுக்கிய காசு சிலைக்கோயிலுக்குப் போயிற்று. கட்டடத்தை எரித்ததைவிட இந்த அவமதிப்பு அம்மக்களை அதிகம் வருத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பலி நின்றது. தலைமைக் குருவுக்கு வேலையில்லை. சதூக்கியர் மறைந்தனர்; கும்ரான் குடியிருப்பு ஏற்கெனவே அழிக்கப்பட்டிருந்தது. எஞ்சியது பரிசேயர் மரபு. அதன் ஆசான் யோகனான் பென் ஸக்காயை மாணவர்கள் சவப்பெட்டியில் வைத்து முற்றுகை நகரிலிருந்து வெளியே கொண்டுவந்தனர் என்றும், அவர் உரோமத் தளபதியிடம் யவ்னே என்னும் சிற்றூரையும் அங்குள்ள அறிஞர்களையும் மட்டும் கேட்டுப் பெற்றார் என்றும் யூத மரபு கூறும். நகரைக் கேட்கவில்லை, ஆலயத்தைக் கேட்கவில்லை, கற்குமிடம் ஒன்றைக் கேட்டார். ஆலய இடிபாட்டைக் கண்டு, நம் பாவங்களைப் போக்கிய இடம் பாழாயிற்றே என்று கலங்கிய மாணவருக்கு, அதற்கு ஒப்பான பரிகாரம் பிறர்க்குச் செய்யும் நன்மையில் இருக்கிறது என்று அவர் ஆறுதல் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு.

காலைப் பலியின் இடத்தில் காலைத் தொழுகை, மாலைப் பலியின் இடத்தில் மாலைத் தொழுகை, இரவில் இன்னொன்று. ஆண்கள் பதின்மர் கூடினால் கூட்டுத் தொழுகை, திசை ஜெரூசலம். குருவின் இடத்தில் 'ரப்பி'. பிறப்பால் குருவாகலாம், ரப்பியாவதற்குக் கற்க வேண்டும். இப்படித்தான் அந்தச் சமயம் தன்னை மறுபடி கட்டிக்கொண்டது.

132 முதல் 135 வரை பர் கோக்பா தலைமையில் மீண்டும் ஒரு கிளர்ச்சி நிகழ்ந்து, மீண்டும் பேரழிவில் முடிந்தது. பேரரசர் ஹத்ரியான் நகரின் பெயரையே 'ஏலியா கப்பித்தோலினா' என்று மாற்றி, யூதர் அங்கே நுழையத் தடை விதித்தார். அரபுகள் அந்நகரை 'ஈலியா' என்று வழங்கியது அப்பெயரால்தான். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நகர் முஸ்லிம்கள் வசமான பின்னரே யூதக் குடும்பங்கள் அங்கே நிலையாகக் குடியேற முடிந்தது.

ஏறத்தாழ கி.பி. 200-இல் யஹூதா ஹ-நாஸி என்னும் தலைவர் வாய்மொழிச் சட்ட மரபை 'மிஷ்னா' என்னும் நூலாகத் தொகுத்தார். ஆறு பிரிவுகள், 63 அதிகாரங்கள். விளைச்சல், விழாக்கள், மணவாழ்வு, இழப்பீடு, பலிகள், தூய்மை என்று அவை விரிகின்றன. ஐந்தாம் பிரிவைக் கவனியுங்கள். ஆலயம் எரிந்து 130 ஆண்டுகள் ஆகிவிட்டன. பலிபீடத்தைக் கண்டவர் ஒருவரும் உயிரோடில்லை. ஆயினும் எந்த விலங்கை எந்தப் பக்கத்தில் அறுப்பது, குருதியை எங்கே தெளிப்பது என்று விதிகள் நுணுக்கமாகப் பேசப்படுகின்றன. நாளை காலையில் ஆலயம் திறக்கப்படும் என்பதுபோல எழுதியிருக்கிறார்கள். செய்ய இயலாததைக் கற்பதே அதைச் செய்வதற்கு ஈடு என்பது அவர்கள் கருத்து. இந்த மிஷ்னாவின் விரிவுரைகளே பாலஸ்தீனத்திலும் பின்னர் இராக்கின் சூரா, பும்பெதித்தா கல்விக்கூடங்களிலும் தல்மூதுகளாகப் பெருகின.

ஓர் உயிரைக் கொல்வது உலகனைத்தையும் அழிப்பதற்கு ஒப்பானது, ஓர் உயிரைக் காப்பது உலகனைத்தையும் காப்பதற்கு ஒப்பானது என்னும் கருத்து இந்த மிஷ்னாவில் இடம்பெற்றுள்ளது. அல்மாயிதா அத்தியாயம் அதே கட்டளையை எடுத்துரைக்கும்போது, இதைப் பனூ இஸ்ராயீலுக்கு விதித்தோம் என்ற செய்தியோடே தொடங்குகிறது.

மதீனாவில்

அரபுத் தீபகற்பத்தில் யூதர் நீண்ட காலமாகவே இருந்தனர். ஹிஜ்ர் பகுதியின் முதல் நூற்றாண்டுக் கல்லறைக் கல்வெட்டு ஒன்று யூதர் ஒருவரைக் குறிப்பிடுகிறது. யமன் நாட்டு ஹிம்யர் மன்னர்கள் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் யூத சமயத்தைத் தழுவினர். யத்ரிபில் கைனுகா, நளீர், குறைழா கோத்திரங்கள் பேரீச்சந்தோட்டங்களும் கோட்டைகளும் கைத்தொழிலுமாக வாழ்ந்தன.

622-இல் நபி (ஸல்) அவர்கள் அங்கே வந்தபோது சந்தித்தது பலிபீடத்தின் சமயத்தை அன்று, ஏட்டின் சமயத்தை. அதனால்தான் இறைமறை அவர்களை 'அஹ்லுல் கிதாப்' என்கிறது. அவர்களின் தலைவர்களைக் கற்றறிந்தோர் என்னும் பொருள்பட 'அஹ்பார்', 'ரப்பானிய்யூன்' என்கிறது. குற்றம் சாட்டும்போதும் ஏட்டை மறைத்தமை, சொற்களை இடம்பெயர்த்தமை, கற்றதன்படி நடவாமை என்று ஏட்டைப் பற்றியே சாட்டுகிறது. அவர்களுக்குள் இரவில் நின்று வேதம் ஓதும் நன்மக்களும் உண்டு என்று ஆல இம்ரான் அத்தியாயம் பிரித்துக் காட்டுகிறது. மதீனத்து யூதரின் கல்விக்கூடத்தை ஹதீஸ்கள் 'பைத்துல் மித்ராஸ்' என்று குறிக்கின்றன. நம் 'மதரசா'வும் அச்சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. நபி (ஸல்) அவர்கள் அங்கே சென்று உரையாடியிருக்கிறார்கள். பதினாறு அல்லது பதினேழு மாதங்கள் பைத்துல் முகத்தஸை நோக்கியே தொழுதார்கள். மூஸா (அலை) அவர்கள் காப்பாற்றப்பட்ட நாளென்று யூதர் ஆஷூரா நோன்பு நோற்பதைக் கண்டு, மூஸாவுக்கு நாமே அதிக உரிமையுடையோர் என்ற கருத்தில் தாமும் நோற்று, நோற்கவும் பணித்தார்கள்.

பின்னர் உடன்படிக்கைகள் முறிந்ததும், போர்கள் நிகழ்ந்ததும், கோத்திரங்கள் வெளியேறியதும், குறைழா கோத்திரத்து ஆண்கள் தீர்ப்புக்குள்ளாகிக் கொல்லப்பட்டதும் வரலாறு. அவற்றின் காரணங்கள் தனிக் கட்டுரைக்குரியவை. அவற்றுக்குப் பின்னும் யூதர் மதீனாவில் இருந்தனர் என்பதற்குப் புகாரீயிலேயே சான்றுண்டு: நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களின் கவசம் ஒரு யூதரிடம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது.

நளீர் கோத்திரத் தலைவரின் மகளான ஸஃபிய்யா (ரலி) அவர்கள் கைபருக்குப் பின் இஸ்லாத்தை ஏற்று நபி (ஸல்) அவர்களின் துணைவியாராயினர். அவர்களின் குடும்பம் ஹாரூன் (அலை) அவர்களின் வழிவந்தது. ஒருநாள் ஹஃப்ஸா (ரலி) அவர்கள் தம்மை 'யூதரின் மகள்' என்று சொன்னதைக் கேள்வியுற்று ஸஃபிய்யா (ரலி) அழுதுகொண்டிருந்தார்கள். உள்ளே வந்த நபி (ஸல்) அவர்கள் காரணத்தைக் கேட்டறிந்து, நீ ஒரு நபியின் மகள், உன் பெரிய தந்தையும் நபி, இப்போது ஒரு நபியின் மனைவியாகவும் இருக்கிறாய், பிறகு எதைக் கொண்டு அவர் உன்னிடம் பெருமை பாராட்டுகிறார் என்று தேற்றினார்கள். பின்னர் ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பக்கம் திரும்பி, அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு கூறினார்கள். இதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, திர்மிதீ பதிவு செய்திருக்கிறார்.